கார்டில் இல்லாத முட்டிவலி

அக்கா,

லேமினேஷன் கடையிலிருந்து வந்த சான்றிதழ் இன்னும் சூடாக இருக்கிறது. மேஜையெல்லாம் உருகிய பிளாஸ்டிக் வாசனை. கடைக்காரர், "பையனுக்கா சார்?" என்று கேட்டார். நாற்பத்தொன்பது வயதுப் பையனுக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதில் இருக்கும் பெயரை அவர் படித்திருப்பார். இந்நேரம் பாதி அருப்புக்கோட்டைக்குத் தெரிந்திருக்கும். மீதிப் பேருக்கு நானே சொல்லிவிடுவேன்.

இந்த வாசனையை முதலில் உங்கள் சான்றிதழில்தான் முகர்ந்தேன், வயிற்றெரிச்சலோடு. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அடுத்தடுத்த ஜன்னலில் பதினாறு வருடம் நின்றவர்கள் நாம். இரண்டு பேரும் வெறும் டி.பார்ம். பொறுப்பாளர் வேலை காலியானபோது புது மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார்: நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்லும் ஆறு மாதப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் கொண்டுவருபவருக்கே அந்த வேலை. அதில் பெரிதாக என்ன இருக்கிறது? சக்கரம் வைத்த நாற்காலி, தலைக்கு மேல் தனி மின்விசிறி. பதினாறு வருடம் நின்ற காலுக்கு அதுவே ராஜாங்கம். நாற்காலி ஒன்று, ஆள் இரண்டு.

போட்டியாளர்கள் ஒளிந்து ஒளிந்து படிப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. தனியாகப் புத்தகத்தைத் திறந்தால் உங்களுக்குத் தூக்கம் வரும், எனக்குத் திறக்கவே வராது. மதியக் கூட்டம் வடிந்ததும் ஒத்திகை பார்ப்போம். நீங்கள் சேலை முந்தானையைத் துண்டாகத் தோளில் போட்டுக்கொண்டு, திருச்சுழி பஸ்ஸைப் பிடிக்க அவசரப்படும் விவசாயச் சம்சாரியாக வந்து நிற்பீர்கள். நான் ஊரைக் கேட்டு, மழையைக் கேட்டு, மகளுக்கு எங்கே மாப்பிள்ளை பார்த்திருக்கிறது என்பது வரை போய்விடுவேன். நீங்கள் சம்சாரிக் குரல் மாறாமலே சொல்வீர்கள்:

"ஏப்பா, மாத்திர குடுக்கியா, இல்ல பொண்ணு கேட்டு வாரியா?"

பரீட்சை மதுரையில். காரியாபட்டி வரை நீங்கள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டு வந்தீர்கள். நான் கண்டக்டரின் குடும்ப விவரம் முழுவதையும் வாங்கிவிட்டேன்.

செய்முறைத் தேர்வில் நோயாளியாக நடிக்க, அந்தக் கல்லூரியின் அலுவலக உதவியாளரை உட்காரவைத்திருந்தார்கள். அவர் கையில் ஒரு கார்டு. அதன்படி அவருக்கு மூச்சிரைப்பு, இன்ஹேலரை முதல் தடவையாகக் கையில் எடுக்கிறார். அதை எப்படி இழுப்பது என்று பத்து நிமிடத்துக்குள் சொல்லிக்கொடுக்க வேண்டும். நீங்கள் எட்டே நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே வந்தீர்கள்.

நான் போனபோது அந்த மனிதர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற வாயா இது? கேட்டேன். அவர் கார்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் சொந்தக் கதையை ஆரம்பித்தார். பிரஷருக்குத் தினமும் மாத்திரை. அதோடு முட்டிவலிக்குக் கடையில் தானாகவே வாங்கிய வலி மாத்திரை, நாளுக்கு இரண்டு, எட்டு மாதமாக.

"யாரு எழுதிக் குடுத்தது?"

"மச்சினன்."

"டாக்டரா?"

"கொத்தனாரு."

எனக்குப் பரீட்சை மறந்துபோனது. இப்படித் தின்றால் பிரஷர் ஏறும், கிட்னி கெடும், மச்சினன் கட்டுகிற சுவரோடு நிறுத்திக்கொள்ளட்டும், நாளைக்கே டாக்டரைப் பாருங்கள் என்று பிடிபிடியென்று பிடித்தேன். மணி அடித்துவிட்டது. இன்ஹேலர் டப்பாவை விட்டு வெளியே வரவே இல்லை. தேர்வாளர் தலை நிமிராமல் மார்க் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் இதைச் சொன்னபோது திட்டுவீர்கள் என்று நினைத்தேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கார்டுல இருந்தவன விட்டுட்ட. நெசமா இருந்தவனக் காப்பாத்திட்ட. மார்க்கு வராதுப்பா. ஆனா நீ செஞ்சது தப்பில்ல" என்றீர்கள்.

மார்க் வரவில்லை. நாற்காலி உங்களுக்குப் போனது. அதன் பிறகு வருடா வருடம் மறுதேர்வுக்கான என் விண்ணப்பத்தை நீங்களே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு என் ஜன்னலில் வைப்பீர்கள். நான் ரோஷக்காரன். அதைக் கிழித்து நோயாளிகளுக்கு மாத்திரை மடித்துக் கொடுத்தேன். நீங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போவீர்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டும் முன்பே நீங்கள் கர்த்தரிடம் போய்விட்டீர்கள். மேனேஜர் மதுரையிலிருந்து ஆள் எடுக்கப்போவதாகச் சொன்னார். வருகிறவன் என்னை அங்கிள் என்பான் என்று பயந்துதான் பரீட்சைக்குப் போனேன் என்று ஊருக்குள் சொல்லிவைத்திருக்கிறேன். உங்களுக்கு மட்டும் நிஜத்தைச் சொல்கிறேன். உங்கள் மேஜையை ஒழித்தபோது இந்த வருடத்து விண்ணப்பமும் கிடைத்தது, எல்லாம் நிரப்பி. அதில் மாத்திரை மடிக்கக் கை வரவில்லை.

போனால் அதே மனிதர், அதே நாற்காலி. என்னைக் கண்டதும் பதறிவிட்டார்.

"சார், இந்தத் தடவ முட்டியக் கேக்காதீக. அந்த மாத்திரய அன்னைக்கே விட்டுட்டேன். கார்டுல உள்ளத மட்டும் கேளுங்க, எனக்கும் வேல கெடக்கு."

பாஸாகிவிட்டேன், அக்கா. போன திங்கட்கிழமையிலிருந்து பொறுப்பாளர் நான்தான். நாற்காலி நன்றாகவே உருளுகிறது. ஆனால் இன்ஹேலர் சீட்டு வந்தால் மட்டும் ஜன்னலுக்கு எழுந்து போய்விடுகிறேன். இன்று காலை ஒருவர் வந்தார். கதை கேட்காமல் மருந்தை முதலில் சொன்னேன். இழுத்து, வாயை மூடி, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கச் சொன்னேன். மூச்சை அடக்கியிருப்பவரிடம் என்ன கேட்டு என்ன பயன்? நானும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கவேண்டும். ஒரு நாளைக்கு இப்படிப் பத்து எண்ணும் நேரம் ஆறேழு தடவை கிடைக்கிறது. நான் பேசாமல் இருக்கும் நேரமே மொத்தம் அவ்வளவுதான். அவ்வளவும் உங்களுக்கு.

பத்து முடிந்து அவர் மூச்சை விட்டார். எந்த ஊர் என்று கேட்டேன். வீரசோழன் என்றார். அங்கே எனக்கு விசாரிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.