மூன்றாம் ஓலைக்கு முன்

பெங்களூரு
புதன்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முட்டுவலிக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் எழுதிக் கூரியரில் விடுகிறேன். வெள்ளிக்கிழமை கிடைக்கும். முழுவதும் வாசியுங்கள்.

வேலை எதனால் போனது என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நிலாவில் கொண்டு இறக்குகிற டேட்டா சென்டரைத்தான் நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். பெரிய கட்டிடம் ஒன்றுமில்லை, நம் வீட்டு பீரோ அளவு பெட்டி, உள்ளே கம்ப்யூட்டர்கள். ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் அதில் இருக்கும். இங்கே தீயோ வெள்ளமோ வந்தால் அந்த நகலைத்தான் நம்பியிருப்பார்கள். கம்ப்யூட்டர் சுடும். அங்கே காற்று கிடையாது, ஃபேன் போட்டுப் பிரயோஜனமில்லை. வெளியே விரிகிற ஒரு தகடு வழியாகத்தான் சூடு போக வேண்டும். அதில் நிலாவின் தூசி படிந்தால், ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற நம் புகைப்புரையின் துவாரத்தை அடைத்த மாதிரி. உள்ளே கிடக்கிற ஷீட் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

பாதி அளவு தூசி போட்டுத்தான் சோதித்திருந்தார்கள். நான் முழு அளவைப் போட்டுப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் பெட்டி அணைந்துவிட்டது. தகட்டை மாற்ற மூன்று மாதம் ஆகும், ராக்கெட்டில் பிடித்த இடம் போய்விடும். பழைய ரிப்போர்ட்டிலேயே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கூட்டத்தில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டபோது எல்லாரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உண்டு என்றேன். நிலாவில் எவன் போய்ப் பார்க்கப்போகிறான் என்று மேனேஜர் சிரித்தார். எவனும் போய்ப் பார்க்க முடியாது, அதனால்தான் சொல்கிறேன் என்றேன். திங்கட்கிழமை ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள்.

அன்றைக்கே உங்களுக்குப் போன் பண்ணினேன். 'மூணாம் ஓலையும் வாசிச்சு முடியட்டு மக்கா, அதுவரைக்கும் வாயத் தொறக்காத' என்றீர்கள்.

முடியாது அப்பா. எனக்கும் அஜிஷாவுக்கும் கல்யாணம் என்று சபையில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு, தடை உண்டானால் சொல்லலாம் என்று போதகர் கடைசித் தடவையாகக் கேட்பார். கோட்டாற்றில் அவள் சபையிலும் கேட்பார்கள். அவளுடைய அப்பா ஆன்ட்ரூஸ் மாமா, மருமகனுக்கு வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தெரிந்த நாம் பேசாமல் இருப்பதா? மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைத் திட்டிவிட்டு நானும் அதையே செய்ய முடியாது.

நானே அவர்களுக்குப் போன் பண்ணலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் என் வேலையைச் சொல்லிப் பெண் கேட்டவர் நீங்கள். முதலில் நான் சொன்னால் அந்த வீட்டில் நீங்கள் மறைத்தவர் ஆகிவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம். சனிக்கிழமை காலையில் அருமனையிலிருந்து பஸ் ஏறிப் போங்கள். போகவில்லை என்றால் சாயங்காலம் நான் சொல்லிவிடுவேன்.

மாமா கோபப்பட்டால் படட்டும். ஓலையை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள், அவரைக் குறை சொல்லாதீர்கள். வேறு வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள், கிடைக்கவில்லை.

அஜிஷா உள்ளே இருப்பாள். அவளையும் கூப்பிட்டு, அவள் முன்னால் சொல்லுங்கள். மாமாவின் பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள், அப்பா.

உங்கள் ஜெபத்தை நம்பியிருக்கும் மகன்,
சுபின்