கமிட்டி பீரோவில் பூட்டிய சீல்

அன்பான ஹஜ்ரத்,

உங்கள் கப்ரை அல்லாஹ் விசாலமாக்கட்டும். விழுப்புரத்தில் நீங்கள் மௌத்தாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போதுதான் எழுத மனம் வந்தது. பொய், வேறு போக்கிடம் இல்லாமல்தான் எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் நம் பள்ளிவாசல் இமாம் வேலையிலிருந்து உங்களை நீக்கிய கடிதத்தை, கமிட்டி செயலாளராக எழுதியவன் நான். தலைவருடைய மருமகள் அந்த வீட்டில் வாழ முடியாமல், பெண் கேட்டு வாங்கும் விவாகரத்தான குலா கொடுத்துப் பிரித்துவிடச் சொல்லி உங்களிடம் வந்தாள். யாரையும் கேட்காமல் அவள் பக்க நியாயத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அதில் குத்த பீரோவிலிருந்த கமிட்டி சீலைக் கேட்டு என்னிடம் வந்தபோது என்ன திமிர் எனக்கு!

"தொழவைக்கறது ஒங்க வேலை ஹஜ்ரத். முடிவு பண்றது கமிட்டி. ஒங்களுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

"ஓதிப் படிச்சது நானு, பீரோ சாவி ஒங்ககிட்ட. நல்லா இருக்கு தம்பி" என்று சிரித்தீர்கள். மறுவாரம் இரண்டு பையோடு ஷேர் ஆட்டோ ஏறினீர்கள். அந்தப் பெண் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

பிறகு மூன்று இமாம்கள் வந்துவிட்டார்கள். குர்ஆன் ஓதினால் கேட்பவர் கண் கலங்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயான் பேசும்போது மட்டும், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவையும் பொறுமையையும் தாண்டமாட்டார்கள். பிழைக்க வந்தவர்களை அப்படிப் பயமுறுத்தி வைத்தது நாங்கள்தானே?

இப்போது என் மகள் ஜமீலா புருஷனிடம் அடிபட்டு என் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், ஹஜ்ரத். அவன் தலாக் சொல்லவும் மறுக்கிறான். தலைவரின் தங்கை மகன் அவன். புது ஹஜ்ரத்திடம் போனேன். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"நியாயம் ஒங்க பொண்ணு பக்கம்தான் பாய். கமிட்டி சொல்லாம எழுதினா என்னைய ஜல்தியா மூட்டை கட்ட வெச்சிடுவாங்க. எனக்கும் புள்ளைங்க இருக்குது."

அவரிடம் கோபப்பட எனக்கு வாய் ஏது? சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சீலை எதன்மேல் வைப்பது? எழுதித் தர ஆளில்லையே.

நேற்று ஜமீலாவிடம் கோர்ட்டுக்குப் போகலாம் என்றேன். "ஜமாஅத்த தாண்டிப் போனா நம்மள ஒதுக்கி வெச்சிடுவாங்களே அத்தா. ஒங்களால தாங்க முடியுமா?" என்றாள். அடி வாங்கியவள் அவள். எனக்காகப் பயந்துகொண்டிருக்கிறாள். வெட்கத்தில் செத்துப்போனேன், ஹஜ்ரத்.

திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அல்லாஹ் மேல் ஆணை. நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஆனாலும் போவேன்.

விரட்டிய பிறகும் நீங்கள் தம்பி என்றே கூப்பிட்ட,
கபூர்