ஐ.சி.யு. வாசலில் பரம்பரை பேசியது

8 ஜூலை, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். வேப்பம்பட்டிலிருந்து அம்பத்தூர் வரை ரயிலில் நின்றபடியே.

ஐ.சி.யு.வில் புதிதாக ஒருவர். ஏழுமலை, 52, மாங்காடு பக்கம். நிமோனியா, ரத்தத்தில் கிருமி, நேற்றிலிருந்து சிறுநீர் இல்லை. டயாலிசிஸ் ஓடுகிறது. எங்கள் ஆய்வுக்குப் பொருந்துகிற ஆள். ஒரே நோய், ஒரே மருந்து. சிலருக்கு மட்டும் கிட்னி ஏன் சட்டென்று நிற்கிறது, மரபணுவில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற ஆய்வு. வீட்டாருக்கு விளக்கிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. யாரையும் நிமிர்ந்து பார்க்க வராத எனக்கு.

வாசலில் எட்டுப் பேர், சாத்துக்குடிப் பையோடு. எல்லாரும் சொந்தம் என்று நினைத்தேன். முதன்முறையாகத் திக்காமல் பேசினேன். வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "இன்னாம்மா சொல்ற, பரம்பரையா? பொண்ணுக்கும் வருமா?"

"வரணும்னு இல்லீங்க. வாய்ப்பு இருக்கலாம்."

மகள் கவிதா கையெழுத்துப் போட்டாள். ஆய்வுக்கு ரத்தம் எடுத்தோம். ஆய்வை நடத்தும் டாக்டர் சார்: "பரவால்லயே, உனக்குப் பேச வருதே." நாள் முழுக்க அதே நினைப்பு. சந்தோஷம்.

10, வியாழன்

வாங்க: லேபிள், கையுறை, அம்மாவுக்குத் தைலம்.

ஏழுமலைக்குச் சிறுநீர் கொஞ்சம். நர்ஸ் அக்கா பையைத் தீர்த்தம் போலத் தூக்கிக் காட்டினாள். வீட்டாரிடம் சொல்ல ஓடினேன். அவர் தங்கை மறித்தாள்.

"வந்துட்டியா? அன்னிக்கு வெள்ளச் சட்ட போட்டுகினு நின்னாரே, யாருன்னு நெனச்ச? மாப்ள பையனோட பெரியப்பா! பாக்க வந்த மனுசனுக்குப் பாடம் எடுத்துட்ட. கவிதாவுக்கு ஆவணில கல்யாணம். அந்த ரத்தம் எங்க ஊட்டுக்கு வாணாம்னு போன்ல சொல்லிட்டாங்கோ."

சம்பந்தம் பேசிய வீட்டில் ஒருவர் படுத்தால் மாப்பிள்ளை வீட்டார் பழத்தோடு வருவார்கள். எங்கள் தெருவிலும் அதுதான் வழக்கம். எனக்குத் தெரியாதா? நோயாளிக்கு என்ன உறவு என்று கவிதாவிடம் மட்டும்தான் கேட்டேன்.

12, சனி

கவிதா: "அக்கா, எனக்கு டெஸ்ட் எடுத்து, இல்லன்னு ஒரு பேப்பர் குடுங்க. அவங்களுக்குக் காட்றேன்."

தர முடியாது. ஆய்வு முடிவைத் தனி ஆளுக்குத் தருவதில்லை. தந்தாலும் இதை வைத்து வரும், வராது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை அந்தப் பெரியவரிடம் சொல்லாத வாய்.

நீங்கள் ஒருமுறை மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுங்கள் என்று சாரிடம் கெஞ்சினேன். "நீ என்ன கல்யாண புரோக்கரா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அதுதான் ஆறவில்லை.

15, செவ்வாய்

டயாலிசிஸ் நிறுத்தம். ஏழுமலை வார்டுக்கு வந்துவிட்டார். கல்யாணம் நின்றதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. "ஆவணிக்குள்ள நடந்துருவேன்ல?" என்று வருகிறவர்களையெல்லாம் கேட்கிறார். என்னையும். "ம்" என்றேன்.

மாலை கவிதா. "எங்கப்பா ரத்தத்த குடு." ஆய்விலிருந்து விலகும் படிவத்தை எடுத்தேன். அரை மணி நேரம் நின்றபடியே பேசினாள். எடுத்த புடவை, போனில் நின்றுபோன மாப்பிள்ளையின் குட்மார்னிங், இனி தெருவில் யார் பெண் கேட்டு வருவார்கள் என்பது. அழவில்லை. "படிச்சவதான நீ? யாரு இன்னான்னு கேட்டுட்டுப் பேச மாட்டியா?" கையெழுத்துப் போட்டுப் போனாள்.

'விலகும் காரணம்': நான்கு வரி இடம். எழுத ஆரம்பித்தேன். சார் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் எதுக்கு? காரணம் கூறவில்லைன்னு போடு."

போட்டேன்.