ரோண்டாவின் பாட்டில்லாத வருடம்

நியூயார்க்,
ஜனவரி, புதன்கிழமை

அன்புள்ள அவிவாவுக்கு,

இல்யா எழுதுகிறேன். உன் அம்மாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மற்றதைக் கீழே எழுதுகிறேன். நீயும் ஹேமிஷும் அந்த வெலிங்டன் காற்றில் பறந்துபோகாமல் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் போனில் பேச வழியில்லை. நம் வீடு இப்போது கிடக்கிற அமைதியில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்தால்கூட உன் அம்மா ரோண்டாவுக்குக் கேட்டுவிடும். அதனால் மதியக் காட்சி முடிந்து இரவுக் காட்சி தொடங்குவதற்குள், காலியான நாடகத் தியேட்டரில் என் ஒலி மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் யாராவது மைக் வேலை செய்யவில்லை என்று வந்தால் எழுந்து போவேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ போன வாரம் போனில் அழுதுகொண்டே, "இல்யா, நீ எதையும் ரிப்பேர் பண்ணுவியே, அம்மாவை மட்டும் ஏன் பண்ண மாட்டேங்கறே" என்று கேட்டாய். அன்று ரோண்டா பக்கத்தில் இருந்தாள், இப்போது சொல்கிறேன், முடியவில்லை. உன் கல்யாணத்துக்கு அவள் வருவாள், மணவிதானத்தின் கீழே உன் பக்கத்தில் நிற்பாள், பாட்டுக்குழு வாசிக்க ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விடுவாள். அவள் அப்பா, உன் தாத்தா செய்மூர், இறந்து வருஷம் திரும்பும்வரை நம் யூத வழக்கப்படி பாட்டுக் கேட்பதில்லை என்ற முடிவில் இம்மியும் மாற்றமில்லை. மகள் கல்யாணத்துக்குக்கூடவா என்று நான் கேட்ட அன்று என்னோடு பேச்சை நிறுத்திவிட்டு முட்டைக்கோஸ் நறுக்கப் போய்விட்டாள். இரண்டு பேருக்கு ஒரு வாரம் வரும் அளவுக்கு நறுக்கினாள்.

பாட்டுக்குழுவே வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று நீ எழுதியிருந்ததை அவளிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. "என் பொண்ணு கல்யாணத்தில பாட்டு இல்லையா? நான் செத்தாத்தான் அது நடக்கும்" என்றாள். சரி, அப்படியானால் துக்க வருஷம் முடிந்து அக்டோபருக்குக் கல்யாணத்தைத் தள்ளலாமே என்றேன். "துக்கத்துக்காகக் கல்யாணத்தைத் தள்ளக்கூடாது, அதுவும் தெரியாதா உனக்கு, உன்னை எந்த நாத்திகர் பள்ளியிலடா படிக்க வெச்சாங்க" என்றாள். சோவியத் காலத்து மின்ஸ்க் நகரத்துப் பள்ளியில் என்றேன். பாட்டும் இருக்க வேண்டுமாம், தேதியும் மாறக் கூடாதாம், அவளும் கேட்கக் கூடாதாம். இப்படி மூன்று நிபந்தனையோடு எவனாவது ஒரு ஒலியமைப்பு வரைபடம் கொண்டுவந்தால் நான் அவன் முகத்தில் விட்டெறிவேன். இவளை என்ன செய்வது சொல்.

அடுத்து நம் ஜெபக்கூடத்துக் குரு, ரபியிடம் கூட்டிப்போனேன். தினமும் காலையில் தாத்தாவுக்காக ஜெபம் சொல்ல அவள் போகிற அதே இடம்தான், ஜெபத்துக்குப் பத்துப் பேர் வேண்டும், சேராத நாளில் நானும் எண்ணிக்கைக்கு நிற்கிறேன், அதனால் ரபி ஹோலண்டருக்கு என்னைத் தெரியும். அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னார், பிழைப்புக்காகப் பாட்டுக் கேட்கலாம், பாடம் எடுக்கிறவளுக்கு அது தொழில், மகள் கல்யாணத்தில் தாய் தாராளமாக உள்ளே இருக்கலாம், எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது என்று. நான் வேலை முடிந்தது என்று கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ரோண்டா எழவில்லை. "அனுமதி இருக்குன்னு தெரியும் ரபி. கட்டாயமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். ரபி சிரித்துவிட்டு, கட்டாயம் இல்லை என்றார். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் நீதிமன்றச் செய்தி எழுதியவளிடம் ஒரு ரபி எத்தனை நேரம் தாங்குவார்?

நீ அங்கே இருப்பதால் உனக்கு ஒன்று தெரியாது, அவள் வகுப்புகளும் ஆட்டம் கண்டுவிட்டன. பத்திரிகையில் ஆட்களைக் குறைத்தபோது இவள் ஒரே ஒரு நாள்தான் அழுதாள், ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் தாத்தா போன் செய்து, "நாற்பது வருஷமா உன்னை நாடகத்துக்குக் கூட்டிப்போனேனே, அதையெல்லாம் இப்ப நாலு பேருக்குச் சொல்லிக் குடு" என்றார். பொத்தான் வியாபாரிக்கு அவ்வளவு யோசனை. அப்படித்தான் இசை நாடகம் பற்றிப் பாடம் எடுக்கக் கிளம்பினாள். பாட்டைப் போட்டுக்காட்டி, பாதியில் நிறுத்தி, "இதைப் பாடறதுக்கு முன்னாடி இவளுக்கு என்ன தெரியாது? இப்ப என்ன தெரிஞ்சுது?" என்று சாட்சியை மடக்குவது மாதிரி கேட்பாள். ஜனங்கள் அதற்காகவே வந்தார்கள். இப்போது பாட்டே போடுவதில்லை. இளசுகளுக்கு எடுத்த மாலை வகுப்பை மூடிவிட்டார்கள், திங்கட்கிழமை சமூகக்கூடத்தில் பெரியவர்களுக்கு எடுப்பது மட்டும் மிச்சம்.

திங்கட்கிழமை எங்களுக்குக் காட்சி இல்லை, நேரில் பார்ப்போம் என்று போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு பழைய நாடகத்தில் ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி கடையை விற்கச் சம்மதித்துவிட்டுப் பாடும் பாட்டு, அதை வெறும் வார்த்தையாக, செய்தி வாசிப்பது மாதிரி வாசித்தாள். கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். அப்புறம் முன்வரிசையில் பெர்னிஸ் என்று ஒரு அம்மாள், ஓய்வுபெற்ற பல் டாக்டர், "ஏம்மா ரோண்டா, இது பாட்டு வகுப்பா, கோர்ட்டா? தூக்குத் தண்டனை எப்பச் சொல்லப்போறே?" என்றார். பக்கத்துக் கிழவர், "சும்மா இரு பெர்னிஸ், அவ அப்பா போயிட்டார்" என்றார். "எங்கப்பாவும்தான் போயிட்டார், அதுக்காக நான் பல்லைப் பிடுங்காம இருந்தேனா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் தானாகவே பாட ஆரம்பித்துவிட்டார். நல்ல குரல் இல்லை. ஆனால் அங்கே எல்லாருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம், ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள், தொப்பி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து பாடினார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உன் அம்மா புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டாள்.

நானும் பின்னாலேயே போனேன். தாழ்வாரத்தில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். "நிறுத்தச் சொல்லு இல்யா" என்றாள். எப்படி நிறுத்துவது? தியேட்டரில் என்றால் ஒரு விரலால் எல்லாச் சத்தத்தையும் இறக்கிவிடுவேன். இங்கே முப்பது கிழங்கள், எந்தக் கம்பியிலும் இணைக்கப்படாதவர்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு உபயோகமில்லாமல் நான் நின்றதில்லை. ஒரு வருஷம் எதற்காக இப்படி என்று அங்கேயே கேட்டேன், கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏழு வயசுலேர்ந்து ஒரு நல்ல பாட்டு கேட்டா உடனே அவர்கிட்டச் சொல்லணும் எனக்கு. வகுப்பு முடிஞ்சு படியிறங்கும்போதே போன் பண்ணுவேன். இப்பக் கேட்டுட்டு யார்கிட்டப் போய்ச் சொல்றது?" உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து அவள், என்னைப் பார்க்காமலே, "மூணாவது வரி தப்பு" என்றாள். "அடுப்பு அணைஞ்சுதுன்னு பாடறாங்க. அணையட்டும்னு வரணும். அந்த ஒரு வார்த்தையிலதான் அவ மனசு மாறுது." எனக்கு வேறு எதுவும் தெரியாததால், அறை சின்னது, சத்தம் மேலே முட்டுகிறது என்றேன். "உனக்குக் காதே கிடையாது, ரெண்டு மைக்தான் மாட்டி வெச்சிருக்கு" என்றாள். ஆனால் பாட்டு முடியும்வரை நகரவில்லை.

இதைப் படித்துவிட்டுத் தேறிவிட்டாள் என்று குதிக்காதே. அன்றைக்கே வீட்டில் வானொலியை ரொம்ப மெதுவாகப் போட்டுப் பார்த்தேன், சமையலறையிலிருந்து வந்து அணைத்துவிட்டுப் போனாள். வெந்நீர்க் குழாய் தாளத்தோடு தட்டுகிறது, அதையும் சரிபண்ணு என்கிறாள். அதற்குள் காற்று அடைத்திருக்கிறது, அதை மட்டும் என்னால் சரிபண்ண முடியும், ஞாயிற்றுக்கிழமை பண்ணுவேன். என் அம்மா வாரம் தவறாமல் பீட்ரூட் சூப் அனுப்புகிறாள், கூடவே எங்கள் ஊரில் துக்கம் ஏழு நாள்தான் என்று சொல்லியும் அனுப்புகிறாள், சூப்பை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை நான் விழுங்கிவிடுகிறேன்.

நீ அவளுக்குப் போன் செய்யும்போது கெஞ்சாதே, கெஞ்சினால் இறுகிப்போகிறாள். சாப்பாடு, துணி, விருந்தாளி என்று பேசு. ஹேமிஷின் நண்பர்கள்தான் வாசிக்கப்போகிறார்கள் என்றாய், ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் வைக்க விடாதே, எல்லாம் குழம்பிவிடும், வார்த்தை புரியாது. வார்த்தை தெளிவாக வர வேண்டும். வேலை மும்முரத்தில் சாப்பிடாமல் இருக்காதே, போன தடவை நீ அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

அவளை உள்ளே கொண்டுவர என்னால் ஆகாது அவிவா, எனக்கு வேறு கருவி இல்லை. அதனால் நானும் அவளோடு வெளியே இருந்துவிடுகிறேன். நீ ஆடுவதை நான் பார்க்க முடியாது, அதற்கு வருத்தம் உண்டு. ஆனால் உள்ளே ஏதாவது வார்த்தை தப்பாகப் பாடினால் அவள் யாரிடமாவது சொல்ல வேண்டுமே. மண்டபத்துக்காரரிடம் சொல்லி வாசலுக்கு வெளியே இரண்டு நாற்காலி போட்டுவை.

நீயும் ஹேமிஷும் நூற்றிருபது வயதுவரை ஒருவரையொருவர் அலுக்காமல், ஒரே கூரையின் கீழ் சண்டையும் சமாதானமுமாக வாழ வேண்டும். ஒன்று மறக்காதே, அந்த மண்டபத்துக் கதவு மரமா கண்ணாடியா, எவ்வளவு தடிமன் என்று அளந்து உடனே எழுது. தடிமனாக இருந்தால் வார்த்தை வெளியே கேட்காது, நான் முன்கூட்டியே வந்து ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

உன் அம்மாவின் கணவன்,
நீ விட்ட அளவுக்கு உன் அப்பா,
இல்யா