யாரிடமும் காட்ட வேண்டாம்

மார்ச் 4

குட்டிக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கீழே இருப்பது எங்கள் பள்ளிக்கூட கிளார்க்கம்மா எனக்கு அனுப்பியது. கவனம்.

"‘ஒரு சின்ன விஷயம்’ என்ற தலைப்பில் மெயில் வந்தால் திறக்காதீர்கள். பயங்கர வைரஸ். உடனே அழித்துவிடுங்கள். இதை யாரிடமும் காட்ட வேண்டாம்."

அன்புடன்,
அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன். ஆபீசில் எனக்குக் கொடுத்திருக்கும் வேலையே இதுதான். வருகிற வைரஸ் எச்சரிக்கைகள் நிஜமா புரளியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நீ அனுப்பியது நிஜம், புரளி இரண்டு பட்டியலிலும் இல்லை. இன்னொன்றும் இடிக்கிறது. புரளி என்றால் ‘தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்றுதான் முடியும். பரவுவதற்காகத்தானே எழுதுகிறார்கள்? இது காட்டாதே என்கிறது. கிளார்க்கம்மாவுக்கு யார் அனுப்பினார்களாம்?

உன் குட்டி

மார்ச் 6

குட்டி,

நாலு எழுத்து படித்ததும் அக்காவிடமே குறுக்கு விசாரணையா? அம்மா தாயே, அவங்களுக்கு ஆயிரம் பேர் அனுப்புவாங்க. சொன்னதைச் செய்.

அக்கா

மார்ச் 7, காலை

அக்கா,

தண்ணீர் குடிக்கும் சாக்கில் எழுந்துபோய், படிக்கட்டில் நின்று கிளார்க்கம்மாவுக்குப் போன் பண்ணினேன். "நான் எதுவும் அனுப்பலையேம்மா" என்றார்.

பத்து மணிக்கு அதே தலைப்பில் மெயில் வந்திருக்கிறது. அனுப்பியவர் அத்தான். உன்னை விட்டுப் போனவர் என்று இரண்டு வருஷமாக நான் அவர் முகத்தில் விழிக்கவில்லை. அந்த எச்சரிக்கையை எழுதியது நீயா? உன் பதிலுக்காக ஐந்து மணி வரை திறக்க மாட்டேன்.

குட்டி

மார்ச் 7, மாலை

குட்டிம்மா,

நான்தான். உனக்கு எழுதப்போவதாகப் போன வாரம் சொன்னார். எனக்கு அவர் எதற்கு எழுதினாலும் அந்தத் தலைப்பைத்தான் போடுவார். அவர் என்னை விட்டுப் போகவில்லை. போகச் சொன்னது நான். ஊர் வாய்க்குப் பயந்து மாற்றிச் சொன்னேன். அவர் மறுக்கவே இல்லை, அதுவே நிலைத்துவிட்டது. இதை அவர் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். திறக்காதே, கண்ணு.

அக்கா

மார்ச் 8

அக்கா,

திறந்துவிட்டேன். மூன்றே வரி. நான் இருக்கும் ஊருக்கே மாற்றலாகி வந்திருக்கிறாராம். வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம், தலையசைத்தால் போதும் என்கிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ சொல்லியிராவிட்டால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வருவதாக இருந்தேன். வரவில்லை. அன்றைக்கு அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். உன்னிடம் என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. தெரிந்ததும் நானே எழுதுகிறேன். அதுவரை நீ எழுதாதே.

தங்கை