முத்தொளி டாக்டர்

13.3.2004, சனி
இன்று கேபிள் டிவி விளம்பரத்தில் மூன்று தடவை நான் வந்தேன். மூன்றையும் உட்கார்ந்து பார்த்தேன். வேறு என்ன வேலை? ரத்தப் பரிசோதனைக் கடையில் இரவல் வாங்கிய வெள்ளைக் கோட்டு, கையில் முத்தொளி பற்பசை. "அழுத்தித் தேயுங்கள், தினம் மூன்று வேளை. பதினான்கே நாளில் பால் வெண்மை." பிறகு ஒரு சிரிப்பு. கிறிஸ்துமஸ் நாடகத்தில் நான் ஏரோது ராஜாவாகக் கர்ஜித்ததைப் பார்த்த கேபிள்கார சிட்டிபாபு, பல்லாவரம் ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய் எடுத்தது. முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா, ஒரே மத்தியானத்தில் பல் டாக்டர். அந்தச் சிரிப்பு முழுக்கப் பல்செட். மனைவி ஞானம்மாள் உயிரோடு இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

16.3.2004, செவ்வாய்
அஸ்தினாபுரத்தில் இந்த மாடிக்குக் குடிவந்து ஏழு மாதம். செத்தாயா இருக்கிறாயா என்று கேட்க நாதியில்லை. இன்று கீழ்வீட்டு கனகவல்லி படியேறி வந்தாள். பிளவுஸ் தைக்கிறவள். "டாக்டர் சார், டிவில உங்களப் பாத்தேன்" என்று பல்லைக் காட்டினாள். நல்ல பற்கள், இளமஞ்சள். டாக்டர் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மனைவி போன பிறகு இரண்டாவது டம்ளரை இன்றுதான் அலமாரியிலிருந்து எடுத்தேன். டீயும் கொடுத்தேன், விளம்பர வசனத்தையும் கொடுத்தேன்.

25.3.2004, வியாழன்
பல்லைக் காட்ட இன்று நான்கு பேர் வந்தார்கள். சர்க்கரை தீர்ந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறது.

9.7.2004, வெள்ளி
கனகவல்லி வந்தாள். "நீங்க சொன்னாப்புலயே மூணு வேளையும் அழுத்தித்தான் தேய்ச்சுகினு கீறேன் சார். இப்ப தண்ணி பட்டாலே சுருக்குனு கீது. பல்லு வேற மஞ்சளா ஆய்கினே போவுது." தையல் முடித்து நூலை முன்பல்லால் கடித்து அறுக்கிறவள். அதுவும் முடியவில்லையாம்.
இன்னும் கொஞ்ச நாள் தேய்த்துப் பாருங்கள் என்றேன்.
என்னடா சொன்ன லாசரஸ்? வாய் கூசலையா உனக்கு? ஒரு டம்ளர் டீக்குத் துணை வேணும்னு அந்தப் பொம்பள பல்லையா -

10.7.2004, சனி
குரோம்பேட்டையில் நிஜ பல் டாக்டரைப் பார்த்து, கனகவல்லியின் பல்லைப் பற்றிச் சொன்னேன். சத்யபிரியா என்று சின்னப் பெண். கரடான பேஸ்ட்டைப் போட்டு அழுத்தினால் பல்லின் மேல் இருக்கும் எனாமல் தேயும், அடியில் இருக்கிற மஞ்சள் தெரியும், அதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள் என்றார். போன எனாமல் திரும்ப வளராது. பல்லுக்கு லேசான மஞ்சள்தான் சொந்த நிறமாம். மெத்தென்ற பிரஷ், பட்டாணியளவு சாதா பேஸ்ட், இரண்டு வேளை, அழுத்தாத கை. அவ்வளவுதான்.
"யார் அவங்களுக்கு அப்படிச் சொன்னது?" என்று கேட்டார்.
ஒரு டாக்டர் என்றேன்.

11.7.2004, ஞாயிறு
கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு, இந்தப் பொய்யோடு எழுந்து போகவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் படியேறி யார் வருவார்கள்?

12.7.2004, திங்கள்
சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. கனகவல்லியின் தையல் மிஷின் எதிரே நின்று, பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். பொக்கை வாயோடு, டிவியில் சிரித்தது இதுதான், நான் பார்சல் குமாஸ்தா என்றேன். அவள் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப டாக்டரு இல்லியா நீ?" முதல் தடவையாக நீ என்றாள். நான் சத்யபிரியா சொன்னதையெல்லாம் குழறிக் குழறிச் சொன்னேன். விலாசம் எழுதிய சீட்டை மிஷின்மேல் வைத்தேன். அவள் பெடலை மிதிக்க ஆரம்பித்தாள். நான் மேலே வந்துவிட்டேன்.

16.7.2004, வெள்ளி
ஒருவரும் வரவில்லை. விளம்பரத்தை நிறுத்து என்று சிட்டிபாபுவிடம் கெஞ்சினேன். "மூஞ்சிதான் சார் உங்களுது, விளம்பரம் கம்பெனியோடது" என்கிறான். வெற்றிலைக் கடையில் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது.

28.7.2004, புதன்
ஒரு டம்ளர்.

8.8.2004, ஞாயிறு
கோயிலிலிருந்து வந்தபோது கனகவல்லி என் படியில் உட்கார்ந்திருந்தாள். சீட்டைக் கொண்டுபோய் அந்த டாக்டரம்மாவிடம் காட்டினாளாம். தேய்ந்தது தேய்ந்ததுதான், கூச்சம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். "நூல இப்ப கத்திரிலதான் வெட்டறேன்" என்றாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
டீ போட்டேன். சூடு பட்டால் இன்னும் சுருக்கென்கிறதாம், ஆறட்டும் என்றாள். நானும் குடிக்காமல் வைத்திருந்தேன்.
"டாக்டரு டாக்டருன்னே கூப்ட்டுகினு இருந்தேன். உன் பேரு இன்னா?"
இந்தத் தெருவுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. சொன்னேன்.