சுவரைத் தொடாத அடுப்படி

என்னைத் திட்டுவதற்கென்றே தனியாக ஒரு குரல் வைத்திருந்த என் ஆத்தாவுக்கு,

உமையாளுக்கு அடுப்பு கிடைத்துவிட்டது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும், அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். நேற்று எங்களை வேறு வைத்தார்கள். வந்த உறவு அத்தனையும் உங்க மருமகள் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் போனது. ஜெயித்துவிட்டோம் ஆத்தா.

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் மகனுக்குக் கல்யாணமானால் அதே வீட்டுக்குள் அவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் தனி அடுப்பு கொடுத்துவிடுவார்கள். அதைத்தான் வேறு வைப்பது என்கிறோம். அது சண்டை போட்டுப் பிரிவதல்ல, வழக்கம். மகனைப் பெற்றவள்தான் அரிசி, பருப்பு, உப்பு, பாத்திரம் எல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அந்த நாள் வருவதற்குள் நீங்க போய்விட்டீக. என்னைப் பெற்ற அப்பச்சி அதற்கு முன்பே போய்விட்டார்.

நீங்க போன பிறகு, அப்பச்சிக்கு அண்ணனான பெரியப்பச்சி வீட்டு அடுப்பிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு வந்தது. துக்க நாளில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்கம் முடிந்த பிறகும் வந்தது. அவர் வீட்டுப் பெரியாத்தா மனசு கெட்டவர் இல்லை. ஆனால் சாப்பாட்டை இறக்கி வைக்கும்போது கூடவே ஒரு பெருமூச்சையும் இறக்கி வைப்பார். உமையாளால் தரையடுப்பு முன்னால் குத்தவைத்து உட்கார முடியாது, அவளுக்கு எதற்குத் தனி அடுப்பு என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "மீனா பாத்து எடுத்த பொண்ணு" என்று உங்க பெயரையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது அந்த இடத்தில்தான். சின்ன வயசுக் காய்ச்சலில் உமையாளுக்கு இடது முழங்கால் மடங்காமல் போனதை யாரும் மறைத்துக் கல்யாணம் பண்ணவில்லை. பெண் பார்த்துவிட்டு வந்து எல்லாரும் முணுமுணுத்தபோது நீங்க கேட்டது ஒரே கேள்வி. "நடக்கப் போறவ அவ. நீங்க ஏன் மூச்சு வாங்குறீக?" அன்றைக்கு வாயடைத்துப் போனவர்கள் எல்லாரும், நீங்க கண்ணை மூடியதும் வாயைத் திறந்துவிட்டார்கள்.

உமையாள் அழவில்லை. ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள். "எனக்குச் சமைக்கத் தெரியும். உக்காரத்தான் தெரியாது."

இது போதாதா? நான் டிப்ளமா படித்தவன். காரைக்குடியில் காண்டிராக்டரிடம் வாய்க்கால் பாலத்துக்கெல்லாம் வரைபடம் போடுகிறவன். ஓர் அடுப்பை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைக்க முடியாதா என்னால்?

ஆனால் இடம்? முன்வாசலில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் காது கேட்காத வீடு இது. அதில் நம் பங்குக்கு வந்த அடுப்படி, இரண்டு கட்டில் போட்டால் கதவு சாத்தாது. எட்டடி அகலம், பதினோரடி நீளம். இந்தத் தலையில் நடுமுற்றத்தைச் சுற்றிய வளவுக்கு ஒரு கதவு, அந்தத் தலையில் பின்கட்டுக்கு ஒரு கதவு. நீங்க எப்படித்தான் அதற்குள் புரண்டீகளோ. சுவரை ஒட்டி ஒரு மேடை, மேலே பலகை, புகைக்கு ஒரு ஜன்னல் என்று வரைந்து முடித்தேன். பெரியப்பச்சி வந்தார். தாளைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"உள்ளுக்குள்ள நீ என்னமும் செஞ்சுக்கடா. சுவரு பொதுச் சுவரு. பங்காளி அம்புட்டுப் பேரும் சம்மதிச்சாத்தான் ஒரு ஆணி அடிக்கலாம்."

அம்புட்டுப் பேர் என்றால் யார்? இரண்டு பேர் மலேயாவில் இருக்கிறார்கள். ஒருவர் தேவகோட்டையில் கோபமாக இருக்கிறார். இவர்களையெல்லாம் சேர்த்துச் சம்மதம் வாங்குவதற்குள் எனக்கே பேரன் பிறந்துவிடுவான். கத்தினேன். நியாயம் கேட்டேன். பலகையையாவது மேலே உத்தரத்தில் கட்டித் தொங்கவிடலாமா என்றேன். உத்தரமும் பொதுவாம். 'வாயைக் கட்டுடா' என்று சொல்ல நீங்களும் இல்லை.

அன்று வீம்புக்குச் சொன்னேன், மேடையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டுகிறேன், யார் கேட்பார்கள் பார்ப்போம் என்று. உமையாள் சிரித்தாள். "அந்த இடுக்குல கரப்பான் குடும்பம் நடத்தும். அதுகளை யாரு வேறு வைக்கிறது?"

அவள் சொன்னது சரிதான். ஒரு சாண் தள்ளினால் கூட்டிப் பெருக்க முடியாது. சரி, மூன்றடி தள்ளினால்? இந்தப் பக்கம் மூன்றடி, அந்தப் பக்கம் மூன்றடி, நடுவில் இரண்டடி அகலத்தில் மேடை. எட்டடிக்குக் கணக்கு நேர். நாலு சுவரில் ஒன்றையும் தொடாமல் அறைக்கு நட்டநடுவில் நிற்கும். ஆபீசுக்கு வருகிற வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் இப்படி ஒரு படம் பார்த்திருக்கிறேன். அதைத் தீவு என்கிறார்கள். தீவு என்றால் சுற்றித் தண்ணீர் இருக்கணுமே, உங்க அடுப்படிக்குக் குழாய்கூடக் கிடையாதே என்றார் பெரியாத்தா. சொல்லட்டும். தண்ணீர் அண்டாவை மேடையின் தலைமாட்டில் வைத்துக்கொண்டோம்.

கடுதாசியில் போட்ட கோடு உமையாளின் காலுக்கு என்ன சொல்லும்? அதனால் தரையிலேயே கோலமாவால் முழு அளவுக்கு மேடையை வரைந்தேன். வளவே வந்து வேடிக்கை பார்த்தது. "பொம்பளைக வாசல்ல போடுவாக. இவன் அடுப்படிக்குள்ள போடுறான், அதுவும் புள்ளி வைக்காம" என்று பெரியாத்தா சொல்ல, ஊரே சிரித்தது. உமையாள் மட்டும் சிரிக்கவில்லை. கோட்டைச் சுற்றிக் கம்பை ஊன்றி நடந்தாள். திரும்பினாள். கையில் சட்டி இருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு மறுபடி திரும்பினாள். வளவுக் கதவுப் பக்கம் இடம் பற்றாது என்றாள். அழித்து, நீளத்தைக் குறைத்து, மறுபடி போட்டேன்.

செங்கலில் கால்கள் எழுப்பி, மேலே கடப்பாக்கல் போட்டோம். கீழே இரண்டு பக்கமும் திறந்த தட்டு. உங்க ஊறுகாய் ஜாடிகள் அங்கேதான் இருக்கின்றன. ஒரு கோடியில் அம்மியைத் தூக்கி மேலேயே உட்கார வைத்தோம். நின்றபடி அரைக்கலாம். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை மறுகோடியில் வைத்து, காற்றுக்கு ஒரு தகரத் தடுப்பு. நான் மார்தட்டிக்கொண்டு நின்றேன். உமையாள் ஸ்டவ்வில் சட்டியை வைத்தாள். சட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மேடை உயரத்தைப் புத்தகத்தில் இருந்தபடி வைத்தவன், அதன் மேல் ஸ்டவ் நிற்கும், ஸ்டவ் மேல் சட்டி நிற்கும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. உமையாளோ குள்ளம். மேலிருந்து பார்த்தே வரைந்திருக்கிறேன், பக்கத்திலிருந்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பெரியாத்தா வாயைத் திறப்பதற்குள் நானே கடப்பாரையை எடுத்தேன். ஸ்டவ் நிற்கிற பாதியை மட்டும் ஒரு சாண் இறக்கினோம். இப்போது அவள் சட்டிக்குள் பார்க்கிறாள், மற்றவர்கள் அவளைப் பார்க்கிறார்கள்.

அப்புறம்தான் ஒரு விஷயம் நடந்தது. அதை நான் வரையவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. கல்லின் ஓரம் கையைக் கிழிக்கக் கூடாதென்று உருட்டி இழைக்கச் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். உமையாள் அம்மியிலிருந்து அண்டாவுக்கு, அண்டாவிலிருந்து அடுப்புக்கு என்று கல்லைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்தாள். எங்கே நின்றாலும் கைக்குக் கல் இருந்தது. கம்பு எங்கே என்று கேட்டேன். "வெளிய வச்சிட்டேன், உள்ள அது எதுக்கு?" என்றாள். சுவரை ஒட்டிக் கட்டியிருந்தால் ஒரு பக்கம்தான் பிடிமானம். இது நாலு பக்கமும். பெரியப்பச்சி மட்டும் சம்மதித்திருந்தால் நான் மட்டமான ஒரு மேடையைக் கட்டித் தொலைத்திருப்பேன். இதை அவரிடம் சொல்ல மாட்டேன்.

நேற்றைக்கு வருகிறேன். நீங்க நிற்க வேண்டிய இடத்தில் நின்று பெரியாத்தாதான் அரிசியும் உப்பும் எடுத்துக் கொடுத்தார். காலையில் வெள்ளைப் பணியாரம். மாவு ஒரு பொட்டுத் தண்ணியானாலும் எண்ணெயில் பரந்து மானத்தை வாங்கிவிடும் என்று உங்களுக்குத் தெரியாததா? நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உமையாள் கல்லில் இடுப்பைச் சாய்த்து, ஒவ்வொரு கரண்டியாக ஊற்றினாள். ஒவ்வொன்றும் பூரித்து, ஓரம் சுருங்கி, தானாகத் திரும்பியது.

மத்தியானச் சமையலுக்கு வந்த பொம்பளைகள் கதவோரம் நிற்கவில்லை. மேடையைச் சுற்றி நாலு பக்கமும் நின்றுகொண்டார்கள். ஒருத்தி வெண்டைக்காய் நறுக்க, ஒருத்தி தேங்காய் துருவ, அடுப்பு முன் நின்ற உமையாள் யாருக்கும் முதுகு காட்டாமல் எல்லாரையும் வேலை வாங்கினாள். அந்த எட்டடிக்குள் இத்தனை பேர் எப்படி அடங்கினார்கள் என்று எனக்கே ஆச்சரியம். பெரியாத்தா அப்பளம் பொரித்தார். குனியாமல் பொரித்ததில் அவர் முகம் போன போக்கை நீங்க பார்த்திருக்கணும்.

அரிசி கழுவிய தண்ணீரில் வைத்த வெண்டைக்காய் மண்டியைப் பெரியப்பச்சி இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு நேரே அடுப்படிக்கு வந்தார். நாலு சுவரையும் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"இனிமே உங்களுக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டியதில்ல" என்றார். பிறகு, பெருந்தன்மையாக, "சுவத்துல ஒரு பலகை, ஜன்னல் ஏதும் வேணும்னா வச்சுக்கடா. மத்தவுகட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். உமையாள் முந்திக்கொண்டாள்.

"வேண்டாம் மாமா. சுவரு உங்களுக்கே இருக்கட்டும்."

மரியாதையாகத்தான் சொன்னாள். கரண்டியைக் கீழே வைக்காமல் சொன்னாள். ஆத்தா, அந்தக் குரலை எங்கே பிடித்தாள் இவள்? நீங்க சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனீகளா?

எல்லாரும் போன பிறகு பெரியாத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முழங்கால் வலி தாங்கவில்லையாம், அவர் அடுப்படியிலும் இப்படி ஒன்று போட முடியுமா என்று அங்குட்டு இங்குட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார். எனக்கு நாக்கு நுனி வரை என்னென்னவோ வந்தது. அத்தனையையும் முழுங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நிச்சயம் போட்டுக் கொடுப்பேன் ஆத்தா. பக்கவாட்டு வரைபடத்தோடு, அவர் உயரத்துக்கு, சுவரைத் தொடாமல். கடைசிக் கல் வைக்கிற வரைக்கும் ஒரு குத்தல் வார்த்தை பேச மாட்டேன். என் வாயைப் பற்றித் தெரிந்த உங்களுக்கு நான் தரக்கூடிய பெரிய வாக்கு இதுதான்.

நீங்க பார்த்து எடுத்த பெண்ணுக்குப் புருஷனும், உங்க மகனுமான
சொக்கலிங்கம்
கொத்தமங்கலம்